சுராங்கனி யாருடைய பாட்டு?

சென்ற கோடையில் றிச்மண்ட் ஹில்லில் ஒரு கல்யாண விருந்து. டிஜே 'சுராங்கனி'யைப் போட்டதும் மண்டபமே எழுந்து ஆடியது. என் மேசையிலிருந்த பெரியவர் மட்டும் எழும்பவில்லை. "சிங்களப் பாட்டுக்கோ ஆடுறியள்?" என்றார். இங்கே பிறந்த என் மருமகள், "மாமா, இது தமிழ்ப் பாட்டெல்லோ?" என்றாள். இருவருக்கும் நான் அன்று பதில் சொல்லவில்லை.

போர்த்துக்கேயர் 1500இல் பிரேசிலிலும் 1505இல் இலங்கையிலும் கரையிறங்கினார்கள். இரு நாடுகளுக்கும் ஆபிரிக்கரை அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்களின் தாளம் சம்பாவானது. 1960களில் ஜோர்ஜ் பென் போன்றவர்கள் அதை றொக் இசையோடு கலந்தார்கள், சம்பா-றொக் பிறந்தது. இங்கே அது கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும் ஆனது. 'பைலா' என்பதே ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் அந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் இன்றும் 'மஞ்ஞா' பாடுகிறார்கள். 1940களில் வொலி பஸ்தியான் என்ற பொலிஸ்காரர் பைலாவைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார்.

அந்தத் தாளத்தைத் தமிழ் பொப்பிசைக்கு எடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும். மனோகரன் தமிழிலும் சிங்களத்திலும் பாடினார். மீன் கொண்டுவந்த கதையைச் சொல்லும் 'சுராங்கனி' அவர் குரலில் கடல் கடந்தது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் தமிழகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இலங்கையில் 'வாடைக்காற்று' படத்தில் நடித்த மனோகரன், பின்பு தென்னிந்தியப் படங்களிலும் நடித்தார். 2018 ஜனவரி 22இல் சென்னையில் காலமானார்.

ஒரு காலத்தில் பொலிஸ் விரட்டிய சம்பாவைப் பிரேசில் தன் தேசிய இசையாக்கிக்கொண்டது. எங்களுக்கு அப்படி நேரவில்லை. 1983க்குப் பிறகு, ஒரு தமிழர் சிங்களத்தில் பாடி எல்லோரையும் ஆடவைத்த நாட்டை நினைப்பதே கடினமாகிவிட்டது. பெரியவரின் கோபத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அவர் எதை இழந்து இங்கே வந்தார் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் மருமகளுக்குச் சொல்ல வேண்டியதை இப்போது சொல்லிவிடலாம். பிள்ளை, அதைப் பாடிப் பரப்பியவர் எங்கட ஆள். மொழி சிங்களம். தாளம் ஆபிரிக்கர் கொண்டுவந்தது. இவ்வளவும் தெரிந்துகொண்டு ஆடு.