மதுரை வட்டாரத்தில் சமூக மனநலப் பணியும் வயதுவந்த ஆட்டிசம் உடையோரும்

ஆட்டிசம் மனநோய் அன்று. இளமையிலேயே வெளிப்பட்டு வாழ்நாள் முழுதும் தொடரும் நரம்பு வளர்ச்சி வேறுபாடு. தமிழில் மதியிறுக்கம் என்றும் வழங்கப்படுகிறது. 1943-இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது. குழந்தைகளின் வழியே அறியப்பட்டதால், அவர்கள் வளர்ந்தபின் தேவைப்படும் உதவி பற்றிய கவனம் தாமதமாகவே வந்தது.

மனநலப் பணியின் வளர்ச்சி

தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கியது. 1996-இல் வந்த மாவட்ட மனநலத் திட்டம் சிகிச்சையைப் பெரிய மருத்துவமனைகளிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றது. மதுரையில் மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992-இல் எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளையை நிறுவினார். மருந்தோடு நில்லாமல் மறுவாழ்வும் அதன் பணியாயிற்று.

மதுரைக்குத் தென்கிழக்கே, இராமநாதபுரம் மாவட்ட ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். அங்கிருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

சட்டத்தில் ஆட்டிசம்

ஆட்டிசம் வேறு வழியில் சட்டத்திற்குள் வந்தது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அதன் பெயரில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைச் சேர்த்தது. 18 வயது நிறைந்தவருக்கும் தேவையானால் சட்டப் பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவை இச்சட்டம் ஏற்படுத்தியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று.

இரு துறைகளுக்கு நடுவில்

இவ்வாறு மனநலம் சுகாதாரத் துறையிடமும் ஆட்டிசம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடமும் சென்றன. ஆனால் ஆட்டிசம் உடைய பெரியவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மிகுதியாக வருகின்றன. அவர்களுக்கு இரு துறைகளின் உதவியும் வேண்டும். கூட்டமும் இரைச்சலும் நிறைந்த புறநோயாளர் பிரிவில் பல மணி நேரம் காத்திருப்பதே பலருக்குத் தாங்க முடியாத துன்பம். முன்கூட்டியே நேரம் குறித்தல், அமைதியான இடம், சுற்றிவளைக்காத கேள்விகள், எழுத்தாலோ படத்தாலோ விடை கூற வாய்ப்பு ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

“எங்களுக்குப் பின் யார்?” என்பதே முதுமையடையும் பெற்றோரின் கேள்வி. பாதுகாவலர் நியமனம் அதற்கு ஒரு பகுதி விடையே. தொழிற்பயிற்சி, பகல்நேரப் பராமரிப்பு, வீட்டுக்கு வந்து பார்க்கும் பணியாளர் என மனநோயாளருக்காக வளர்ந்த சமூகப் பணிகள் இவர்களையும் எட்டினால்தான் அவ்விடை நிறைவுபெறும்.