குழந்தையின் மொழியும் அறிவின் அளவுகோலும்

தோட்டத்துப் பிள்ளைகள் மந்தபுத்தியுள்ளவர்கள் என்னும் பேச்சு நம் நாட்டில் வெகுகாலமாக வழங்கி வருகிறது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த ஏழு வயதுக் குழந்தை, பழகாத மொழியில் கேட்கப்படும் கேள்விக்கு வாய்திறவாது நின்றால், மொழி புரியவில்லை என்று கொள்ளாமல் மூளை இல்லை என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். பெற்றோரும் அதை நம்பி, தமிழால்தான் பிள்ளை கெட்டது என்று வருந்துகிறார்கள். இத்தீர்ப்புக்கு மனோதத்துவ ஆராய்ச்சியில் ஆதாரமுண்டா என்பதைச் சரித்திரத்தைக் கொண்டே பார்ப்போம்.

1882ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிரேயர் என்னும் அறிஞர், தம் மகன் பிறந்தது முதல் மூன்றாண்டுகள் அவனைக் கவனித்தெழுதிய குறிப்புகளை நூலாக வெளியிட்டார். குழந்தை பேசத் தொடங்குமுன்னரே பிறர் சொல்வதை அறிந்துகொள்ளுகிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. ஆகவே, வாய் பேசாமை அறியாமைக்கு அடையாளமன்று என்பது அன்றே விளங்கிற்று.

ஆயினும் 1923ல் வேல்ஸ் நாட்டில் டி. ஜே. சேயர் என்பவர், 7 முதல் 14 வயதுவரையுள்ள சுமார் 1,400 பிள்ளைகளைச் சோதித்து, நாட்டுப்புறத்தில் வெல்ஷும் ஆங்கிலமும் பேசுவோர் ஒருமொழியினரைவிட அறிவில் தாழ்ந்தவர் என்று எழுதினார். நகரத்துப் பிள்ளைகளிடம் அவ்வேற்றுமை பெரிதும் காணப்படவில்லை என்பதும் அவர் கணக்கிலேயே உண்டு. இருமொழிதான் காரணமாயின், நகரத்தில் அக்காரணம் எங்கே ஓடி ஒளிந்தது? குடும்பத்தின் வறுமையையும் வசதிக்குறைவையும் சரிவர எடைபோடாமல் பழியை மொழியின் தலையில் சுமத்தினார்கள்.

அதே 1923ல்தான் ஐக்கிய மலாய் நாடுகளின் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டுமென்று விதித்தது. பள்ளிகள் எழுந்தன. ஆனால் பல இடங்களில் கங்காணியோ, நம்மைப்போன்ற கிராணியோதான் உபாத்தியாயர். அப்பள்ளியில் பயின்றவன் பின்தங்கினால், குற்றம் தமிழுடையதா, பள்ளியுடையதா?

1962ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பெர்ட் இருவரும், குடும்ப நிலையில் ஒத்த பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டனர். பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்தவரே மேம்பட்டு நின்றனர். இரண்டிலும் சமமாகத் தேர்ந்தோரையே பொறுக்கியெடுத்தமையால், அம்முடிவை எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும் இருமொழி மூளையைக் கெடுக்கும் என்னும் கொள்கை ஆட்டங்கண்டது. முதல் மொழியில் பெற்ற தேர்ச்சி இரண்டாம் மொழிக் கல்விக்குத் துணையாகும் என்று 1979ல் ஜிம் கம்மின்ஸ் எடுத்துரைத்தார்.

நம் நாட்டிலோ, 1951ல் பார்ன்ஸ் அறிக்கை மலாயும் ஆங்கிலமுமே போதனாமொழிகள் என்றது. 1956ல் ரசாக் அறிக்கை ஆரம்பப் பள்ளியில் தமிழுக்கு இடமளித்தது. 2003ல் கணிதமும் விஞ்ஞானமும் தமிழ்ப்பள்ளியிலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. 2009ல் அத்திட்டத்தைக் கைவிட முடிவாயிற்று. இவையெல்லாம் குழந்தையின் மனத்தை ஆராய்ந்தா செய்யப்பட்டன?

1978ல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம், முன்னாளில் சுங்கை ரெங்கம் தோட்ட நிலம். தோட்டம் நகரமாயிற்று, அதன் பெயர் இன்றும் அங்குள்ள தமிழ்ப்பள்ளியில் நிற்கிறது. ஆனால் பழைய தீர்ப்பு மட்டும் மாறவில்லை. நாம் ஆங்கிலப் பள்ளியில் பயின்றவர். மலாயும் ஆங்கிலமும் வேண்டாவென்று கூறோம். அவற்றை நன்கு கற்பியுங்கள். ஆனால் ஒரு பிள்ளையை மந்தமென்று எழுதுமுன், அதே கேள்வியைத் தமிழில் ஒருமுறை கேளுங்கள். பெற்றோரே! வீட்டில் தமிழில் தாராளமாகப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், பிள்ளை கேட்கும் கேள்விக்குச் சலியாது விடை கூறுங்கள். அதற்குக் கூலியில் ஒரு காசும் குறையாது.