கூடாரத்தில் தொடங்கிய தொழில்



கோவையின் தொழில் வரலாறு என்றதும் பஞ்சாலைகளே நம் நினைவுக்கு வரும். 1888-இல் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியால் தோன்றிய நூற்பாலை அவ்வரலாற்றின் தலைவாயில் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மக்களின் பொழுதுபோக்கையே முறையான தொழிலாக்கிய கோவைக்காரர் ஒருவரைப் பற்றியும் மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் வேண்டும். அவர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1883-இல் பிறந்தவர்.

பாரிசு நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டியது 1895-இல். பத்தாண்டு கழித்து, திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் ஊழியராயிருந்த வின்சென்ட், தாயகம் திரும்ப விரும்பிய டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். விலை 2,250 ரூபாய் என்பர். அவருடைய மாதச் சம்பளமோ 25 ரூபாய். வகுத்துப் பாருங்கள்: தொண்ணூறு மாதச் சம்பளம், அதாவது ஏழரை ஆண்டு உழைப்பின் ஊதியம்! நிலையான உத்தியோகத்தை விட்டு, எவருக்கும் பழக்கமில்லாத ஒரு புதுமையில் அத்தனை பொருளையும் முடக்கியது எத்துணைத் துணிவு!

கூடாரமும் கருவியுமாக அவர் ஊர் ஊராகச் சென்றார். ஏசுநாதர் வரலாறு பற்றிய ஊமைப்படம் அவர் காட்டியவற்றுள் ஒன்று. வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும், கடல் கடந்து பர்மாவுக்கும் அவர் பயணம் நீண்டது. ஆனால் கூடாரத் தொழிலுக்கு இயல்பான இடர்கள் உண்டு. மழை பெய்தால் காட்சி இல்லை. காட்சி இல்லையேல் வரவு இல்லை. வண்டிச் செலவும் ஆள் கூலியும் மட்டும் நில்லா. ஆகவே 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார்.

இனி நான் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது 1930-களில்தான். அதற்கு முன்பே படம் காட்டுவதற்கு மின்சாரம் தேவைப்பட்டது. அதனைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். காட்சியோ மாலையிலும் இரவிலும். மின்விசைக்கோ பகலிலும் பயன் உண்டு. அவர் மின்விசையால் இயங்கும் அச்சகமும் அரிசி ஆலையும் நடத்தினார். காட்சிக்குத் துண்டு விளம்பரம் வேண்டும். அச்சகம் அதற்கும் உதவும். படக்கருவிகளை வாங்கி விற்கும் வாணிகத்தையும் மேற்கொண்டார். பேசும் படம் வந்தபோது, கல்கத்தா பயோனியர் நிறுவனத்துடன் இணைந்து 1933-இல் ‘வள்ளி திருமணம்’ படத்தைத் தயாரித்தார், டி.பி. ராஜலட்சுமி அதில் நடித்தார்.

ஒரு தேவை அடுத்த தொழிலைப் பெற்றெடுக்க, அத்தொழில் முதல் தொழிலைத் தாங்கி நின்றது. புதுமையைக் கண்டு வியந்தவர் அந்நாளில் பலர். அதனைச் சுற்றி இவ்வாறு ஒரு தொழிற்குடும்பத்தை அமைத்தவர் மிகச் சிலரே.

1942-இல் வின்சென்ட் மறைந்தார். அரங்கு பின்னாளில் டிலைட் எனப் பெயர் மாறிற்று. எனினும் வெரைட்டி ஹால் சாலை என்ற தெருப்பெயர் நிலைத்துவிட்டது. மன்னர்களின் ஆட்சியாண்டுகளைக் கற்கும் மாணவர்கள், தம் ஊர்த் தெருப்பெயர்களையும் ஏன், எவ்வாறு என்று வினவிப் பழகுவார்களாக. நம் மக்கள் உழைத்து உயர்ந்த வரலாறு அங்கேதான் பெரிதும் மறைந்து கிடக்கிறது.