ஜோ லூயிஸ் கட்டி முடிக்காத கணக்கு

குத்துச்சண்டை என்றதும் நம்மவர்கள் வாயில் முதலில் வருகிற பெயர் முகமது அலி. அதில் ஆச்சரியமில்லை. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, 1980ல், அலி சென்னைக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போனார். அவருக்கு ஒரு தலைமுறை முந்தியவர் ஜோ லூயிஸ். 1937லிருந்து 1949 வரை, இடைவெளியே இல்லாமல் 11 வருஷம் 8 மாதம் உலக ஹெவிவெயிட் சாம்பியன். 25 தடவை பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அந்த எடைப் பிரிவில் ஒரே மூச்சில் இத்தனை காலம் பட்டத்தை வைத்திருந்தவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

நான் உத்தியோகம் பார்த்ததெல்லாம் கணக்குப் பிரிவில். அதனால் அவர் குத்துகளைவிட அவருடைய வரிக் கணக்குதான் என்னை அதிகம் இழுத்தது. அதைச் சொல்வதற்கு முன் மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஜோசப் லூயிஸ் பாரோ என்பது முழுப் பெயர். 1914 மே 13ல் அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில், லஃபயட் ஊருக்கு அருகில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அவருடைய தாத்தா பாட்டிமார் அடிமைகளாக வாழ்ந்தவர்கள். அவருக்கு இரண்டு வயதாகும்போதே தகப்பனாரை மனநோய் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். தாயார் லில்லி மறுமணம் செய்துகொண்டு, 1926ல் குடும்பத்தோடு வடக்கே டெட்ராய்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். பருத்திக் காட்டை விட்டு மோட்டார் கம்பெனி வேலை தேடி அந்தக் காலத்தில் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் போன வழிதான் அது. மகன் வயலின் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அம்மா காசு கொடுத்தார். பிள்ளையாண்டான் அந்தக் காசைக் கொண்டுபோய் குத்துச்சண்டைக் கூடத்தில் கட்டிவிட்டான். பையனை வீணை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அவன் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்ததைப் பார்த்த அம்மாக்கள் நம் ஊரிலும் உண்டு.

அமெச்சூராக ஆடிய முதல் போட்டியில் சரியான உதை. தரையில் பல தடவை விழுந்தார். கொஞ்ச காலம் ஃபோர்டு தொழிற்சாலைக்கே திரும்பிப் போய்விட்டார். பிறகு மனம் கேட்காமல் மறுபடி வந்தார். 1934 ஜூலை 4ல் சிகாகோவில் முதல் தொழில்முறைப் போட்டி. முதல் சுற்றிலேயே வெற்றி. கூலி 59 டாலர். அவருக்கு வாய்த்த பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன், மானேஜர்கள் ஜான் ராக்ஸ்பரோ, ஜூலியன் பிளாக், மூவருமே கறுப்பினத்தவர்கள். ராக்ஸ்பரோ சட்டவிரோதமான நம்பர் சூதாட்டம் நடத்தியவர். பின்னாளில் அந்த வழக்கில் சிறைக்கும் போனார். ஆனால் பையனுக்கு நல்ல துணி வாங்கிக் கொடுத்து, சாப்பாடு போட்டு, ஒழுங்காக வளர்த்தார்.

ஒழுங்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன், 1908லிருந்து 1915 வரை. அவர் ஜெயித்ததையும், ஜெயித்துவிட்டுச் சிரித்ததையும், வெள்ளைக்காரப் பெண்களை மணந்ததையும் அன்றைய வெள்ளை அமெரிக்காவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் எந்தக் கறுப்பினத்தவருக்கும் பட்டத்துக்கு மோத வாய்ப்பே கொடுக்கவில்லை. ஆகவே லூயிஸுக்கு ராக்ஸ்பரோ சில நிபந்தனைகள் போட்டார். வெள்ளைக்காரப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. யாரைப் பற்றியும் இழிவாகப் பேசக் கூடாது. சுத்தமாகச் சண்டை போட வேண்டும். லூயிஸ் பொது இடத்தில் அநேகமாகக் கல் முகத்தோடுதான் இருப்பார். அது அவருடைய சுபாவமா, சொல்லிக்கொடுத்ததா என்று கேட்டால், பாதிப் பாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1935ல் கார்னேராவையும் மாக்ஸ் பேரையும், இரண்டு முன்னாள் சாம்பியன்களை, வீழ்த்தினார். அந்த வருஷம் அவர் செய்த இன்னொரு காரியம் எனக்குப் பிடித்தமானது. பஞ்ச காலத்தில் தன் குடும்பம் வாங்கியிருந்த அரசு நிவாரணத் தொகையைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கட்டினார். யாரும் கேட்கவில்லை. வாசகர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1936 ஜூன் 19ல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் அவரை 12ஆம் சுற்றில் வீழ்த்தினார். லூயிஸ் இடது கையால் குத்தியதும் அந்தக் கையைக் கீழே இறக்கிவிடுகிறார் என்பதை ஷ்மெலிங் முன்கூட்டியே கவனித்து வைத்திருந்தார். ஒவ்வொரு தடவை அந்தக் கை இறங்கும்போதும் தன் வலது கையை இறக்கினார். ஹிட்லர் அரசாங்கம் அந்த வெற்றியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. மறு வருஷம் ஜூன் 22ல் லூயிஸ் சிகாகோவில் பிராடக்கை 8ஆம் சுற்றில் வீழ்த்திச் சாம்பியன் ஆனார். அந்த வாய்ப்புக்கு விலை வேறு உண்டு. லூயிஸை வைத்துப் போட்டி நடத்தும் மைக் ஜேக்கப்ஸின் லாபத்தில் பத்து வருஷத்துக்குப் பத்து சதவீதம் பிராடக்குக்கு! ஒப்பந்தம் எழுதியவர் கெட்டிக்காரர்.

1938 ஜூன் 22ல் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ஷ்மெலிங்கோடு மறுபோட்டி. எழுபதாயிரம் பேர் நேரில்; கோடிக்கணக்கானவர்கள் ரேடியோவில். போட்டி 124 விநாடிதான் நடந்தது. ஷ்மெலிங் மூன்று தடவை விழுந்தார், முதுகெலும்பில் முறிவோடு மருத்துவமனைக்குப் போனார். அன்று வெள்ளை அமெரிக்காவும் ஒரு கறுப்பின இளைஞனுக்காகக் கை தட்டியது. தெற்கு மாநிலங்களில் அவன் இனத்தார் வெள்ளையரோடு ஒரே ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஷ்மெலிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் நாஜிக் கட்சியில் சேரவே இல்லை. அவருடைய மானேஜர் ஒரு யூதர். கைவிடச் சொல்லி நெருக்கியபோதும் கைவிடவில்லை. அதே 1938 நவம்பரில் யூதர்கள் மீது வன்முறை வெடித்தபோது இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்.

இனி கணக்குக்கு வருகிறேன்.

1942 ஜனவரி 9ல் படி பேரோடு ஆடிய போட்டியில் கிடைத்த பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார் லூயிஸ். அன்றைய கடற்படையில் கறுப்பினத்தவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் உணவுக்கூட எடுபிடி வேலை. அவர்களுக்குப் போய் ஏன் கொடுக்கிறீர்கள் என்று சொந்த மக்களே கேட்டார்கள். அவர் கேட்கவில்லை. மறுநாளே ராணுவத்தில் சேர முன்வந்தார். மார்ச் 27ல் ஏப் சைமனோடு இன்னொரு போட்டி. அந்தப் பணம் ராணுவ நிவாரண நிதிக்கு. சாதாரணச் சிப்பாயாக அவருக்கு ஆரம்பத்தில் மாதச் சம்பளம் 21 டாலர். போர்க் காலம் முழுவதும் ஏறத்தாழ நூறு காட்சிப் போட்டிகள் ஆடி வீரர்களை மகிழ்வித்தார். ஃபோர்ட் ரைலி முகாமில் இருந்தபோது, கறுப்பின வீரர்களுக்கு அதிகாரிப் பயிற்சி மறுக்கப்படுவதைக் கண்டு தன் செல்வாக்கைப் பயன்படுத்தி வழி திறந்துவிட்டார். அப்படி நுழைந்தவர்களில் ஒருவர், பின்னால் பேஸ்பால் வரலாற்றையே மாற்றிய ஜாக்கி ராபின்சன்.

சரி, வரி? நிதிக்குக் கொடுத்த அந்தப் பரிசுப் பணத்தையும் அவருடைய வருமானமாகவே துறை கணக்கெடுத்தது. முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: அவர் கடன் முழுவதும் தர்மத்தால் வந்ததல்ல. கை நீளம். கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தார், தோல்வியடைந்த வியாபாரங்களில் போட்டார், கோல்ஃப் பந்தயத்தில் விட்டார். போர்க் காலத்தில் சம்பாத்தியம் நின்றுபோனதால் ஜேக்கப்ஸிடமும் ராக்ஸ்பரோவிடமும் முன்பணம் வாங்கினார். 1946ல் பில்லி கான் மறுபோட்டிக்கு ஏறத்தாழ 6 லட்சம் டாலர் வந்தது. பழைய கடனும் மானேஜர் பங்கும் வரியும் போக அவர் கையில் நின்றது சொற்பம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் உச்ச வரி விகிதம் 90 சதவீதத்துக்கும் மேல். நம் நாட்டிலும் 1973-74ல் சர்சார்ஜோடு 97.75 சதவீதம் இருந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட விகிதத்தில் பழைய பாக்கி வைத்திருப்பவன் தப்பவே முடியாது. பாக்கியைக் கட்டச் சம்பாதிக்க வேண்டும். சம்பாதித்தால் அதற்கும் வரி. மிச்சத்தில் பாக்கிக்குக் கட்டுவதற்குள் வட்டி ஏறிவிடும். 1950ல் 5 லட்சம் டாலருக்கு மேல் இருந்த கடன், பின்னால் பத்து லட்சத்தைத் தாண்டியது.

அதனால்தான் 1949 மார்ச்சில் கௌரவமாக ஓய்வு பெற்றவர் மறு வருஷமே திரும்பி வந்தார். எஸார்ட் சார்லஸிடம் 15 சுற்று ஆடித் தோற்றார். 1951 அக்டோபர் 26ல், 37 வயதில், ராக்கி மார்சியானோ அவரை 8ஆம் சுற்றில் கயிறுகளுக்கு வெளியே தள்ளினார். ஜெயித்த மார்சியானோவுக்கு லூயிஸ்தான் சிறுவயதிலிருந்தே ஆதர்சம். அந்த வெற்றியில் அவருக்கு வருத்தம்தான் மிஞ்சியது. 1953ல் லூயிஸின் தாயார் இறந்தபோது விட்டுச்சென்ற 667 டாலரையும் வரித்துறை எடுத்துக்கொண்டது. 1956ல் மல்யுத்த மேடை ஏறினார். நெஞ்சில் அடிபட்டு அதுவும் நின்றது.

விதியை விதி என்று அமல்படுத்துகிற நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கணக்கு அதிகாரி இரக்கப்பட்டால் கணக்கு நிற்காது, தெரியும். என்றாலும் கேட்காமலே நிவாரணப் பணத்தைத் திருப்பிக் கட்டிய மனிதனிடம், தர்மமாய்ப் போன பணத்துக்கு வரி கேட்டு, தாயார் சொத்து வரை போனது எனக்கு ஒப்பவில்லை. சட்டத்தில் இடமில்லை என்றால் சட்டசபையில் ஒரு தனித் தீர்மானம் போட்டிருக்கலாம். யாரும் முனைப்பாகச் செய்யவில்லை. 1960களின் தொடக்கத்தில்தான், அப்போதைக்கப்போது சம்பாதிப்பதற்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று துறை இறங்கி வந்தது. அதற்கு அவருடைய மூன்றாவது மனைவி மார்த்தா, வழக்கறிஞர், கூட நின்றார் என்பது பெரிய விஷயம். லூயிஸுக்குப் போதைப் பழக்கமும் மனநோயும் வந்து 1970ல் மருத்துவமனையில் இருந்த நாட்களிலும் அந்த அம்மாள் விட்டுப் போகவில்லை. பிறகு லாஸ் வேகாஸ் சீஸர்ஸ் பேலஸ் ஹோட்டலில் வருகிறவர்களை வரவேற்கும் வேலை. சிலர் அதைக் கேவலமாக எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கௌரவமான சம்பளம், பார்க்கிறவர்கள் எழுந்து கைகொடுக்கும் இடம்.

1977ல் இதய ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்குப் பின் சக்கர நாற்காலி. 1981 ஏப்ரல் 11ல் அதே ஹோட்டலில் லாரி ஹோம்ஸ் - டிரெவர் பெர்பிக் போட்டியைப் பார்க்க வந்திருந்தார், மறுநாள் காலமானார். விதிப்படி ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அவருக்கு இடமில்லை. ஜனாதிபதி ரீகன் விதியைத் தளர்த்தி ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்ய உத்தரவிட்டார்.

அந்த ஈமச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்தவர் ஷ்மெலிங். போருக்குப் பின் ஹாம்பர்க்கில் கோகோ கோலா ஏஜென்சி எடுத்துப் பணக்காரராகியிருந்தார். 1954ல் சிகாகோவுக்கு லூயிஸைத் தேடிப் போய்ப் பார்த்தார், அன்றிலிருந்து நண்பர்கள். லூயிஸ் கஷ்டத்தில் இருந்த காலத்திலும் அவ்வப்போது பணம் கொடுத்து உதவியிருக்கிறார். 2005ல், 99 வயதில், இறந்தார்.