கையேடு சொல்லும் வரிசை, ஆவணங்கள் காட்டும் வரிசை: ஆசியான் சுற்றுலாப் பயிற்சிப் பாடங்கள் உருவான வரலாறு

ஆசியான் நாடுகளின் ஓட்டல், பயணத் தொழிலாளர்களுக்கான பொதுப் பாடத்திட்டம் 32 பணிப்பெயர்களை அடிப்படையாகக் கொண்டது. அவை ஆறு பிரிவுகளில் அடங்கும். வரவேற்பு, ஹவுஸ்கீப்பிங், சமையல், உணவு பரிமாறல் ஆகிய நான்கும் ஓட்டலைச் சேர்ந்தவை; பயண முகமை, சுற்றுலா ஏற்பாடு ஆகிய இரண்டும் பயணத்துறையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு 52 சான்றிதழ்களும் 242 திறன் அலகுகளும் வகுக்கப்பட்டன. பின்னர் அலகுதோறும் பயிலுநர் நூல், பயிற்றுநர் வழிகாட்டி, மதிப்பீட்டு ஏடு என ஒரு தொகுப்பு எழுதப்பட்டது. ஜகார்த்தாவில் பயிலும் அறைப் பணியாளரும் வியன்டியானில் பயிலும் அறைப் பணியாளரும் ஒரே அளவுகோலால் மதிப்பிடப்பட வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இந்த ஏற்பாடு எப்படி வளர்ந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஆசியான் செயலகம் 2013 ஜனவரியில் வெளியிட்ட கையேட்டின் வழியிலேயே விடை சொல்லப்படுகிறது. சுற்றுலாத் தொழிலர்க்கான பரஸ்பர அங்கீகார ஏற்பாட்டை விளக்கும் அந்நூல், ஏற்பாட்டுக்கு ஆறு உறுப்புகள் உண்டு என்கிறது: ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசிய வாரியம், சான்றளிக்கும் ஓர் அமைப்பு, பொதுத் திறன் தரநிலைகள், பொதுப் பாடத்திட்டம், பதிவு முறை, வட்டார அளவில் ஒரு கண்காணிப்புக் குழு. தொழிலாளர் நாடு கடந்து சென்று வேலை செய்வதே முழு ஏற்பாட்டின் இலக்கு. இந்தப் படத்தில் தரநிலையும் பாடத்திட்டமும் ஒப்பந்தத்தின் கிளைகள்.

நிர்வாக வரைபடமாக இதில் குறை காண ஒன்றுமில்லை. 2013இல் எந்த அமைப்பு எந்த அமைப்போடு எவ்வாறு தொடர்புகொண்டது என்பதைக் கையேட்டைவிடத் தெளிவாகச் சொல்லும் நூல் வேறில்லை. ஆனால் ஒரே காலத்தில் நிற்கும் உறுப்புகளின் படத்தை வரலாறாகப் படிக்கும்போது சிக்கல் எழுகிறது. அப்படிப் படித்தால் ஒப்பந்தம் முதலில் வந்தது, பாடநூல் அதன் விளைவாக வந்தது என்ற முடிவும், எல்லை கடந்து வேலைக்குப் போனவர் தொகையே பாடநூல்களின் வெற்றியை அளக்கும் கோல் என்ற முடிவும் தாமாகவே வந்துவிடுகின்றன. இரண்டையும் ஆவணங்கள் தாங்கவில்லை.

முதலில் ஒப்பந்தத்தின் தேதி. ஆசியான் ஆவணப் பட்டியல்களில் அது 2012 நவம்பர் 9, பாங்காக் என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒன்பது நாடுகளின் சுற்றுலா அமைச்சர்கள் 2009 ஜனவரியில் ஹனோயிலேயே அதில் ஒப்பமிட்டுவிட்டனர். 2012இல் நடந்தது தாய்லாந்து பத்தாவதாக ஒப்பமிட்டதுதான். எந்தத் தேதியைப் பிறந்த நாளாகக் கொள்வது என்பது எதை ஒப்பந்தம் என்று கருதுகிறோம் என்பதைப் பொறுத்தது. வாசகம் முடிவான நாள் வேண்டுமெனில் 2009. பத்து நாடுகளும் கட்டுப்பட்ட நாள் வேண்டுமெனில் 2012. இக்கட்டுரையின் வாதத்துக்கு முன்னதே போதும். ஏனெனில் அந்த வாசகத்தின் வரையறைப் பகுதியிலேயே பொதுத் திறன் தரநிலைகளும் பொதுப் பாடத்திட்டமும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. ஒப்பந்தம் தன் சொந்த விளைவை வரையறைப் பகுதியில் முன்கூட்டியே வைத்திருக்க முடியாது. குறைந்தது தரநிலைகளேனும் அதற்கு முன்பே உருப்பெற்றிருந்தன.

எவ்வளவு முன்பு என்பதற்கு, 2002 நவம்பர் 4 அன்று புனோம் பென்னில் ஆசியான் தலைவர்கள் ஒப்பமிட்ட சுற்றுலா உடன்படிக்கையின் எட்டாம் பிரிவைச் சற்று நின்று படிக்க வேண்டும். மனிதவள மேம்பாட்டுக்கான இப்பிரிவு ஐந்து உட்கூறுகள் கொண்டது. மூன்றாவது உட்கூறு பாடத்திட்டங்களை மேம்படுத்துதல், திறன் தரநிலைகளையும் சான்றளிப்பு முறைகளையும் வகுத்தல் ஆகியவற்றைச் சொல்லி, இவை காலப்போக்கில் திறன்களையும் தகுதிகளையும் நாடுகள் பரஸ்பரம் அங்கீகரிப்பதில் சென்று சேரும் என்று முடிகிறது. வாக்கியத்தின் போக்கு ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது: பாடம் முதலில், தரநிலை அடுத்து, சான்று அதன்பின், அங்கீகாரம் கடைசியில். அங்கீகாரத்துக்குக் காலக்கெடுவும் இல்லை. கையேடு தரும் படத்தை அப்படியே தலைகீழாக்கினால் கிடைக்கும் வரிசை இது. ஐந்தாவது உட்கூறு பிற நாடுகளோடும் பன்னாட்டு அமைப்புகளோடும் சேர்ந்து மனிதவளத்தை வளர்க்கலாம் என்று அனுமதிக்கிறது. பின்னால் ஆஸ்திரேலிய உதவி நுழைந்த வாசல் இதுவே.

எனினும் இப்பிரிவின் முதல் உட்கூறு கையேட்டின் பக்கம் நிற்கிறது என்பதை மறைக்கலாகாது. வட்டாரத்திலுள்ள சுற்றுலா வல்லுநர்களையும் திறன்பெற்ற தொழிலாளர்களையும் உறுப்பு நாடுகள் பயன்படுத்திக்கொள்ளத் தடையற்ற ஏற்பாடுகள் வேண்டும் என்று அது கூறுகிறது. ஆக, இடப்பெயர்வு என்ற எண்ணம் 2002லேயே இருந்தது. ஆனால் அந்த உட்கூறு நம்புவது இருநாட்டு ஏற்பாடுகளை. பொதுப் பாடநூலை அங்கே யாரும் நினைக்கவில்லை. இடப்பெயர்வும் பாடநூலும் ஒரே பிரிவில் தனித்தனி வரிகளாகத் தொடங்கியவை. அவற்றை ஒன்றாகப் பிணைத்தது 2003 அக்டோபரில் பாலியில் எடுக்கப்பட்ட முடிவு. முக்கியத் தொழில்முறைச் சேவைகளில் தகுதிகளைப் பரஸ்பரம் அங்கீகரிக்கும் ஏற்பாடுகள் 2008க்குள் முடிய வேண்டும் என்று தலைவர்கள் அங்கே அறிவித்தனர். பொறியாளர் (2005), செவிலியர் (2006), கட்டடக் கலைஞர் (2007) என ஒப்பந்தங்கள் அடுத்தடுத்து வந்தன. சுற்றுலாவும் அந்த வரிசையில் சேர்க்கப்பட்டது.

இங்கேதான் சுற்றுலாவின் தனிச்சிக்கல் வெளிப்படுகிறது. பொறியாளர் ஒப்பந்தம் பட்டத்தையும் அதன்பின் ஏழாண்டு அனுபவத்தையும் கேட்கிறது. பட்டம் தரப் பல்கலைக்கழகமும் உரிமம் தர வாரியமும் எல்லா நாட்டிலும் ஏற்கெனவே உண்டு. அங்கீகரிக்க ஒரு பொருள் கையில் இருந்தது. அறையைக் கூட்டித் துடைப்பவருக்கும் மேசையில் பரிமாறுபவருக்கும் பத்து நாடுகளுக்கும் பொதுவான உரிமம் என்று ஒன்று கிடையாது. அங்கீகரிப்பதற்கு முன் அங்கீகரிக்கத்தக்க தகுதியை உண்டாக்க வேண்டியிருந்தது. ஆகவே தரநிலை வகுக்கும் வேலை சட்ட வேலையை முந்திக்கொண்டது தற்செயல் அல்ல. அந்தத் தொழிலின் இயல்பே அப்படி.

தரநிலைகளின் முதல் வடிவம் 2002இல் தொடங்கிய ஆசியான்–ஆஸ்திரேலிய வளர்ச்சி ஒத்துழைப்புத் திட்டத்தின் முதல் கட்டத்தில் உருவானது. ஆஸ்திரேலியத் தடம் எவ்வளவு ஆழமானது என்பதற்குத் தகுதிப் படிகளே சாட்சி. ஆசியான் பாடத்திட்டம் சான்றிதழ் 2, சான்றிதழ் 3, சான்றிதழ் 4, டிப்ளமோ, மேல்நிலை டிப்ளமோ என ஐந்து படிகள் கொண்டது. சான்றிதழ் 1 என்ற படியே இல்லை. தன்னளவில் வகுத்த ஓர் ஏணி இரண்டாம் படியில் தொடங்காது. வேறோர் ஏணியின் அடிப்படியை நீக்கிவிட்டு எடுத்துக்கொண்டால்தான் இப்படி அமையும். அந்த மூல ஏணி 1995இல் நடப்புக்கு வந்த ஆஸ்திரேலியத் தகுதிச் சட்டகம். மறுப்பு ஒன்றுக்கு இங்கே இடம் தர வேண்டும். எண்ணிட்ட சான்றிதழ்கள் வட்டாரத்துக்குள்ளேயும் இருந்தன. பிலிப்பைன்ஸின் தொழிற்கல்வி ஆணையமான டெஸ்டா 1994 முதல் இயங்குகிறது; அதன் தேசியச் சான்றிதழ்களும் எண் வரிசையிலேயே அமைந்தவை. மலேசியாவிலும் சான்றிதழ்களுக்கு மேல் டிப்ளமோ, மேல்நிலை டிப்ளமோ என்ற இணை உண்டு. ஆனால் மலேசிய ஏணியில் சான்றிதழ்கள் மூன்றோடு நின்றுவிடுகின்றன. நான்காம் சான்றிதழுக்கு மேல் இரு டிப்ளமோக்கள் அடுக்கப்பட்ட அமைப்பு ஆஸ்திரேலிய ஏணியோடு மட்டுமே முழுதும் பொருந்துகிறது.

பயிற்சித் தொகுப்புகள் அதே ஒத்துழைப்பின் இரண்டாம் கட்டத்தில் எழுதப்பட்டன. மெல்போர்னின் வில்லியம் ஆங்லிஸ் நிறுவனத்துக்கு அதில் முதன்மைப் பங்கு. ஹவுஸ்கீப்பிங் முதலில் வந்தது. பயணத்துறைப் பிரிவுகள் கடைசியில் வந்தன. ஹவுஸ்கீப்பிங்கில், வரும் விருந்தினருக்கு அறையைத் தயார்செய்தல் என்ற அலகை எடுத்துப் பார்த்தால் முறை விளங்கும். அறைக்குள் நுழைவது, படுக்கை விரிப்பது, குளியலறையைச் சுத்தம் செய்வது எனப் பணி சிறு கூறுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கூறுக்கும் செய்துகாட்டவேண்டிய அளவுகோல்கள் உண்டு. மதிப்பீட்டு ஏட்டில் வாய்மொழிக் கேள்வி, எழுத்துத் தேர்வு, செயல்திட்டம், நேரில் பார்த்துக் குறிக்கும் பட்டியல் ஆகியவற்றோடு மேலாளர் போன்ற மூன்றாம் நபரின் சான்றுரையும் இடம்பெறுகிறது. இதில் கவனிக்கத்தக்கது மூன்றாம் நபர் சான்றுரை. பள்ளிப் படிப்பு இல்லாமல் பத்தாண்டு ஓட்டலில் உழைத்தவருக்கும் தகுதிபெறும் வழியை அது திறந்து வைக்கிறது. மறுபுறம், தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசுதல், அடிப்படை நிலையில் ஆங்கிலத்தில் உரையாடுதல் போன்றவை தனி அலகுகளாகவே நிற்கின்றன. வட்டாரத் தரம் என்பதில் ஆங்கிலம் எவ்வளவு இடம் பிடித்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் வேண்டாம்.

32 பணிப்பெயர்களின் பட்டியலில் இருப்பவரைவிட இல்லாதவர் கூடுதல் செய்தி சொல்கிறார். ரொட்டி சுடுபவர் இருக்கிறார், இறைச்சி வெட்டுபவர் இருக்கிறார், சலவைக்காரர் இருக்கிறார், தொலைபேசி இயக்குநரும் இருக்கிறார். சுற்றுலா வழிகாட்டி இல்லை. சுற்றுலாவின் முகம் என்று சொல்லத்தக்க ஒரே தொழிலர் விடுபட்டிருக்கிறார். பட்டியல் இதற்குக் காரணம் கூறுவதில்லை. சுற்றுலா ஏற்பாட்டுப் பிரிவில் உள்ள சுற்றுலா மேலாளர் என்ற பணியில் வழிகாட்டி அடங்கிவிட்டார் என்று வாதிக்கலாம். ஆனால் அந்தப் பிரிவில் மேலாளர் பதவிகள் மட்டுமே இருக்கின்றன. களத்தில் நிற்கும் பணியாளரை மேலாளருக்குள் அடக்கும் வழக்கம் மற்றப் பிரிவுகள் எதிலும் இல்லை. உணவு பரிமாறலில் தலைமைப் பரிமாறுநருக்குக் கீழே பரிமாறுநர் தனியாகவே நிற்கிறார்.

உண்மையான காரணத்தை நாடுகளின் உள்நாட்டுச் சட்டங்களில் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. தாய்லாந்து 1979இல் வெளிநாட்டவருக்குத் தடைசெய்த 39 தொழில்களில் வழிகாட்டித் தொழிலும் ஒன்று. வியட்நாமின் 2005ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டமும் வழிகாட்டி அட்டை பெற வியட்நாம் குடியுரிமையைக் கேட்டது. 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அதைக் கைவிடவில்லை. இடப்பெயர்வுக்கென்று வரையும் பட்டியலில், இத்தகைய நாடுகள் வெளியாருக்கு விட்டுக்கொடுக்க விரும்பாத தொழிலைச் சேர்த்துப் பயனில்லை. சான்று மறைமுகமானது என்பது உண்மை. வரைவுக் கூட்டங்களில் இக்காரணம் வாய்விட்டுச் சொல்லப்பட்டது என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. தாய்லாந்து கடைசியில் ஒப்பமிட்டதையும் இதையும் ஒரே நூலில் கோப்பது அதைவிடத் துணிச்சலாகும். ஆயினும் விடுபாடு கவனக்குறைவால் நேர்ந்தது என்ற விளக்கம் ஏற்கத்தக்கதல்ல. இறைச்சி வெட்டுபவரை நினைவில் வைத்திருந்த ஒரு குழு வழிகாட்டியை மறந்திருக்காது.

இந்த ஊகத்துக்கு வலுவூட்டுவது வியட்நாமில் உருவான பாடபேதம். ஆசியான் தரநிலைகள் ஆஸ்திரேலிய உதவியில் எழுதப்பட்ட அதே காலத்தில், வியட்நாமில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வேறொரு தரநிலை தனியாக வளர்ந்தது. அதன் முதல் வடிவம் வேலையைப் படிப்படியான செயல்களாகப் பிரித்துக் காட்டியது. 2013இல் அது ஆசியான் முறைக்கு ஏற்பத் திறன் அலகுகளாகத் திருத்தி எழுதப்பட்டது. திருத்தியவர்கள் வட்டார மூலத்தோடு நிற்கவில்லை. வரவேற்பு, ஹவுஸ்கீப்பிங், பரிமாறல், சமையல், பயண ஏற்பாடு ஆகியவற்றோடு வழிகாட்டித் தொழிலையும் முதன்மைத் தொழில்களில் வைத்தனர். அவற்றுக்கு மேல் ஓட்டல் மேலாண்மை, சிறு தங்குமிட நடத்தம், சுற்றுலாப் படகுச் சேவை, தலத்திலேயே நின்று விளக்கும் வழிகாட்டி என நான்கைத் தனியாகச் சேர்த்தனர். ஹா லாங் விரிகுடாவில் பயணிகள் இரவு தங்கும் படகுகளும், வடக்கு மலைக் கிராமங்களின் வீட்டுத் தங்கல்களும் அங்கே சுற்றுலாவின் ஒரு பகுதி. பெரிய ஓட்டலை மனத்தில் கொண்டு எழுதிய வட்டார மூலத்தில் அவற்றுக்குப் பணிப்பெயரே இல்லை. பிலிப்பைன்ஸிலும் நிலை இதுவே: டெஸ்டா வழிகாட்டிக்கெனத் தனிச் சான்றிதழ் வைத்திருக்கிறது.

உள்நாட்டுப் பிரதிகளில் வழிகாட்டி தங்குதடையின்றி இடம்பெறுகிறார். வட்டாரப் பிரதியில் மட்டும் இல்லை. அவருக்குத் தரம் வகுக்க முடியாது என்ற வாதம் இதோடு விழுந்துவிடுகிறது. கையேட்டின் அளவுகோலும் இங்கேயே பொருந்தாமல் போகிறது. படகுப் பணியாளருக்கு எழுதிய வியட்நாமியத் தரநிலையால் எவரும் எல்லை தாண்டப் போவதில்லை. ஆனால் அது வட்டாரப் பாடத்திட்டத்தின் அலகு முறையிலேயே எழுதப்பட்டது. இடப்பெயர்வைக் கணக்கிடும் எந்த அட்டவணையிலும் இது பதிவாகாது.

பதிவு முறை 2016 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் தொடங்கப்பட்டது. சான்று பெற்றவர் அதில் பெயர் பதியலாம். பதிந்தவர் பிற உறுப்பு நாடுகளில் வேலைக்குத் தகுதியுடையவர். ஆனால் அந்தத் தகுதி வேலை தரும் நாட்டின் சட்டங்களுக்கும் விதிகளுக்கும் உட்பட்டது என்று ஒப்பந்தமே கூறிவிடுகிறது. வேலை அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரம் இன்றும் அந்தந்த நாட்டு அரசிடமே இருக்கிறது. 242 தொகுப்புகளோ அனுமதிச் சீட்டுக்குக் காத்திராமல் உறுப்பு நாடுகளின் பயிற்சி நிலையங்களில், பெரும்பாலும் சொந்த நாட்டு ஓட்டலில் வேலைக்குச் சேரப்போகும் மாணவர்களுக்குப் பாடமாகப் பயன்பட்டு வருகின்றன.