பெண்கள் கூடைப்பந்து என்ற வலைப்பந்து: திரினிடாட், 1979



சென்ற மாதம் பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தாயார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பயில்கிறாள். வலைப்பந்துக் குழுவுக்கு நான் தேர்ந்தெடுத்திருந்த பிள்ளை. "டீச்சர், கூடைப்பந்து என்றாலாவது ஒலிம்பிக்கில் இருக்கிறது. இந்த வலைப்பந்து பெண்பிள்ளைகளுக்கென்று குறைத்துக் கொடுத்த ஆட்டம்தானே? இதற்காக மாலையில் இரண்டு மணி நேரம் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டுமா?" என்றார். அன்று வரிசையில் இன்னும் பலர் காத்திருந்ததால் நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். உரிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் கூடைப்பந்தை உருவாக்கினார். பழம் போடும் கூடைகளைச் சுவரில் மாட்டி ஆடியதால் அந்தப் பெயர். அடுத்த ஆண்டே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை, ஸ்மித் பெண்கள் கல்லூரியில் அதைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். பெண்கள் முண்டியடித்து ஓடுவது நாகரிகமன்று என்று கருதப்பட்ட காலம் அது. எனவே அவர் திடலை மூன்றாகப் பிரித்து, தத்தம் பகுதியை விட்டு ஒருவரும் வெளியேறக்கூடாது என்றும், பிறர் கையிலிருக்கும் பந்தைப் பறிக்கக்கூடாது என்றும் விதி வகுத்தார். 1893 மார்ச்சில் அக்கல்லூரியில் நடந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதியில்லை!

அதே பத்தாண்டில் இந்த ஆட்டம் இங்கிலாந்தை அடைந்தது. சுவீடனைச் சேர்ந்த மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க் என்ற அம்மையார் அங்கே பெண்களுக்கான உடற்பயிற்சி ஆசிரியர் கல்லூரி ஒன்றை நடத்திவந்தார். அங்குதான் இது பயிலப்பட்டது. நீண்ட பாவாடையணிந்து பந்தைத் தட்டிக்கொண்டே ஓட இயலாது. எனவே பந்தைப் பிடித்தவர் நின்று வீச வேண்டும். கூடை போய் வளையமும் வலையும் வந்தன. பின்பலகை இல்லை. அக்கல்லூரியில் பயின்று வெளியேறிய ஆசிரியைகள் சென்ற பள்ளிகளுக்கெல்லாம் ஆட்டமும் உடன் சென்றது. பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளுக்கும், நம் மலாயாவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும், அது பெண்கள் பள்ளிகளின் வழியாகவே வந்து சேர்ந்தது. பயிற்சிக் கழகத்தில் படித்த எங்களுக்கு இந்தப் பகுதியை யாரும் சொல்லித்தரவில்லை. ஓர் ஆசிரியர் பயிற்சிக் கூடத்திலிருந்து உலகெங்கும் பரவிய விளையாட்டு என்பதில் எனக்குத் தனிப்பட்ட பெருமை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

இங்கிலாந்தில் இதன் பெயர் வலைப்பந்து. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமோ 1970 வரை இதைப் 'பெண்கள் கூடைப்பந்து' என்றே அழைத்தனர். விதிகளும் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. நியூசிலாந்தில் ஓர் அணிக்கு ஒன்பது பேர், இங்கிலாந்தில் ஏழு பேர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1960-இல் ஆறு தரப்பினர் ஒன்றுகூடினர்: இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், இலங்கை. கூடிய இடம் இலங்கை. லண்டனும் அன்று, சிட்னியும் அன்று. ஒரு தீவு நாடு. பொது விதிகளும், நான்காண்டுக்கு ஒருமுறை உலகப் போட்டி என்ற முடிவும் அங்குப் பிறந்தவை. அமைத்த சம்மேளனத்தின் பெயரில் 'பெண்கள் கூடைப்பந்து', 'வலைப்பந்து' என்ற இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள்.

1963-இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதல் உலகப் போட்டி நடந்தது. பதினொரு அணிகள். ஜமேய்க்கா, திரினிடாட் டொபாகோ, மேற்கிந்தியத் தீவுகள், இலங்கை ஆகியவை அவற்றுள் அடங்கும். ஜமேய்க்காவும் திரினிடாட்டும் விடுதலை பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா நியூசிலாந்தை 37-36 என ஒரே புள்ளியில் வென்றது. அடுத்து நடந்த மூன்று போட்டிகளிலும் வெற்றி இவ்விரு நாடுகளுக்கே. இடையில் 1971-இல் போட்டியை ஏற்று நடத்தியது ஜமேய்க்காவின் கிங்ஸ்டன் நகரம்.

பிறகு 1979. போட்டி நடந்த இடம் திரினிடாட்டின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின். திரினிடாட், டொபாகோ ஆகிய இரு தீவுகளையும் சேர்த்தாலும் அந்நாடு நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தைவிடச் சிறியது. அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ பத்து இலட்சம். 1845 முதல் 1917 வரை இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட நாடு அது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்களும் அவர்களில் உண்டு. தோட்டப் பள்ளியில் பயின்ற நம்மவர்க்கு அந்த நாட்டை அந்நியமாக நினைக்கத் தோன்றாது.

பத்தொன்பது நாடுகள் கலந்துகொண்ட அப்போட்டியின் முடிவில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, திரினிடாட் டொபாகோ மூன்றும் சமநிலையில் நின்றன. மூன்று அணிகளும் கூட்டு வெற்றியாளர்கள் என அறிவிக்கப்பட்டன. பங்கு போட்ட வெற்றிதானே என்று சிலர் எண்ணலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. 1963 முதல் 2023 வரை நடந்த பதினாறு உலகப் போட்டிகளின் வெற்றியாளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தவிர வேறொரு நாட்டின் பெயர் அதில் ஒரே ஒருமுறைதான் வருகிறது. இந்த ஆட்டத்தை உலகுக்குக் கொடுத்த இங்கிலாந்தின் பெயர்கூட இல்லை. 1987-இல் கிளாஸ்கோவிலும் திரினிடாட் பெண்கள் ஆஸ்திரேலியாவுடன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டனர். ஆகவே 1979 குருட்டு அதிர்ஷ்டம் அன்று.

எப்படி முடிந்தது? ஒரு பள்ளி ஆசிரியையாக எனக்குத் தோன்றும் காரணம் எளியது. இதற்கு மூடிய அரங்கம் வேண்டா, மரத்தளம் வேண்டா. இரண்டு கம்பங்கள், ஒரு பந்து, தார் போட்ட ஒரு முற்றம், ஏழு பெண்கள் போதும். பணக்கார நாட்டுப் பெண்ணிடம் இருப்பவை அனைத்தும் தீவுப் பள்ளி மாணவியிடமும் இருந்தன. பெண்கள் அதிகம் ஓடக்கூடாது என்று போட்ட கட்டுப்பாடுகளே துல்லியமான வீச்சையும் நேரக் கணிப்பையும் கோரும் ஆட்டமாக அதை மாற்றிவிட்டன. கையில் பந்து வந்த மூன்று விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அதற்குத் திணறுவதை வாரந்தோறும் பார்க்கிறேன்.

ஆயினும் அந்தத் தாயாரின் மற்றொரு வருத்தத்தில் நியாயம் உண்டு. பெண்கள் கூடைப்பந்து 1976-இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. வலைப்பந்துக்கு 1995-இல் ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் மட்டும் கிடைத்தது; ஒலிம்பிக்கில் அது ஆடப்பட்டதில்லை. காமன்வெல்த் விளையாட்டில் முதன்முதலாகப் பதக்கப் போட்டியாக நடந்தது 1998-இல், நம் கோலாலம்பூரில்தான். இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா நியூசிலாந்தை 42-39 என வென்றது. கட்டணக் கழகங்களும் ஊதியமும் பெரிய நாடுகளில் வந்தபின் திரினிடாட் பின்தங்கியது. ஜமேய்க்கா மட்டும் விடவில்லை: 2022 காமன்வெல்த் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 55-51 என்று தோற்று வெள்ளிப் பதக்கமும், 2023 உலகக் கிண்ணத்தில் மூன்றாமிடமும் பெற்றது. 2011-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் இலங்கை அணிக்காக வளையத்தில் பந்து போட்டவர் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண், இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். அவருடைய படத்தைக் காட்டியபோது எங்கள் பிள்ளைகள் முதலில் நம்பவில்லை.

எங்கள் பள்ளி, மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளி. ஐந்தாம் ஆறாம் ஆண்டுகளில் சேர்த்தே பதினொரு பெண்பிள்ளைகள்தாம். எழுவரைத் திரட்டாவிட்டால் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க இயலாது. இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் கொடுக்காமல் விட்டோம். இம்முறை பயிற்சியை ஒரு மணி நேரமாகக் குறைத்து, வீட்டுப்பாடத்தை அதற்கு முன்பே சபைகூடல் தளத்தில் அமர்ந்து முடிக்கச் செய்தேன்.

சென்ற புதன்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். எட்டாவதாக வந்தவள் அந்தத் தாயாரின் மகள். அவளுக்குத் தடுப்பாட்டம்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். கை நீளமான பிள்ளை.