கையடக்க விறகடுப்பு

கையடக்க விறகடுப்பு என்பது, முதுகுப்பையுடன் பல நாள் மலைநடை செல்வோர் வழியில் பொறுக்கும் சுள்ளிகளைக் கொண்டே சமைக்க உதவும் சிறிய உலோக அடுப்பு. துருப்பிடிக்காத எஃகிலோ டைட்டானியத்திலோ செய்யப்படும் இவற்றுள் பல கால் கிலோ எடையை ஒட்டியே இருக்கும். எரிபொருள் சுமக்க வேண்டாம் என்பதே இதற்குச் சொல்லப்படும் முதல் பெருமை. அது உண்மைதான். ஆனால் இந்த அடுப்பு எங்கே பொருந்தும் என்பதை எடை முடிவு செய்வதில்லை. நெருப்பை நினைத்தவுடன் நிறுத்த முடியுமா, எடுத்த சுள்ளியைக் காடு ஈடுகட்டுமா என்ற இரண்டு கேள்விகளே முடிவு செய்கின்றன.

இவற்றுள் பலவற்றின் சிறப்பு இரட்டைச் சுவர் வடிவில் உள்ளது. அடித்துளைகள் வழியே நுழையும் காற்றில் ஒரு பகுதி சுள்ளிகளை எரிக்கிறது. சூடேறும் விறகிலிருந்து எரியும் வாயுக்கள் கிளம்புகின்றன. மற்றொரு பகுதி இரு சுவர்களுக்கிடையே ஏறிச் சூடாகி, மேல்விளிம்புத் துளைகளில் வெளிவந்து அந்த வாயுக்களை எரிக்கிறது. புகையாகப் போயிருக்க வேண்டியது வெப்பமாகிறது. 20 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 335 கிலோஜூல் வேண்டும். நன்கு காய்ந்த 100 கிராம் சுள்ளியில் 1,600 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் உண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகப் பாத்திரத்தைச் சேர்ந்தால் போதும். கோடரியோ ரம்பமோ தேவையில்லை. விரல் பருமனுள்ள உதிர்ந்த குச்சிகளே போதும். எரிவாயுக் குப்பிகளை விமானத்தில் கொண்டுசெல்ல முடியாது. பியூட்டேன் உறைநிலையை ஒட்டிய குளிரில் ஆவியாகத் தயங்கும். இவ்விரு சிக்கலும் விறகடுப்புக்கு இல்லை.

மழையில் நனைந்த சுள்ளி எளிதில் பற்றாது, பாத்திரத்தில் கரி படியும், அடிக்கடி குச்சி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்ற குறைகளைப் பழக்கத்தால் பெருமளவு சமாளிக்கலாம். தீ பற்றிய ஆட்சேபம் அப்படிப்பட்டதல்ல. நெருப்பு உலோகத்துக்குள் அடங்கியிருப்பதால் இதைத் திறந்தவெளி நெருப்போடு சேர்க்கக் கூடாது என்று ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். அதில் பாதி நியாயம் உண்டு: எரியும் விறகு குறைவு, தரையில் தழும்பும் குறைவு. ஆனால் பொறி பறப்பதும், அடுப்பு கவிழ்ந்தால் தணல் சிதறுவதும் உலோகச் சுவரால் முற்றிலும் நிற்பதில்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வறட்சிக் காலத் தீத்தடை வரும்போது, மூடும் வால்வுள்ள கேஸ் அடுப்புக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. விறகடுப்புக்கு அந்த விலக்கு பொதுவாகக் கிடைப்பதில்லை. காற்று திடீரென வலுத்தால் வால்வைத் திருகி அணைக்கலாம். தணலை அப்படி அணைக்க முடியாது. ஆகவே இந்த வேறுபாடு நியாயமானதே.

விதி இடம் தராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலிபோர்னியாவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் 9,600 அடிக்கு மேல் விறகு எரிக்க அனுமதி இல்லை. அந்த உயரத்தில் மரங்கள் மிக மெதுவாக வளர்கின்றன. உதிர்ந்த கட்டைதான் மட்கி மண்ணுக்கு உரமாகிறது. ஒருவர் எடுப்பது கைப்பிடிச் சுள்ளிதான் என்றாலும், ஒரே தங்குமிடத்தில் கோடை முழுவதும் பலர் எடுத்தால் தரை வெறுமையாகிவிடும்.

எனவே, ஈரப்பதமுள்ள தாழ்நிலக் காடுகளில், ஆள் நடமாட்டம் குறைந்த நீண்ட பாதைகளில் இது நல்ல துணை. வறண்ட காலத்திலும் மரம் அரிதான உயரத்திலும் கேஸ் அடுப்பே பொறுப்பான தேர்வு. அங்கே கூடுதலாகச் சுமக்கும் சில நூறு கிராம் எடை, காட்டுக்கு நாம் தரும் நியாயமான விலை.